ரெக்கார்ட் ரூம் காலியாகிறது

ஜூன் 10, 2024, திங்கள்

எங்கள் வீட்டுக் கடன் நிறுவனத்தின் மேலதிகாரி மும்பையிலிருந்து வந்து மீட்டிங் போட்டார். வீட்டுக் கடன் பத்திரங்களைச் சரிபார்ப்பது, பாதுகாப்பது, கடன் முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது எல்லாம் இனி வெண்டர் கையில், அதாவது ஒப்பந்தம் எடுத்த வெளி நிறுவனத்தின் கையில். "யாருக்கும் வேலை போகாது" என்று ஒருமுறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். திரும்பத் திரும்பச் சொன்னார். பத்திரம் காணாமல் போனால் வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அதைத் தனியாகப் பேசுவோம் என்றார். அப்புறம் சமோசா.

ஜூன் 18, செவ்வாய்

எங்கள் வேலையை நாங்களே கற்றுக்கொடுக்கிறோம். நொய்டாவிலிருந்து வெண்டர் ஆட்கள் ஸ்கிரீனில் வருகிறார்கள். கையால் எழுதிய பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றைக் காட்டி, தாய்ப்பத்திரத்தோடு (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) சர்வே எண்ணும் சக்குபந்தியும் (நான்கு பக்க எல்லைகள்) ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் விதத்தைச் சொன்னேன். அந்த டீமில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. 'படிக்க இயலவில்லை' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போகலாமாம். அந்தப் பிள்ளைகள் மீது கோபமில்லை. ஒரு பையன் நல்ல கேள்விகளாகத்தான் கேட்டான். ஃபைலுக்கு இத்தனை நிமிடம் என்று அவன் கழுத்தையும் நெரிக்கிறார்கள்.

ஜூலை 2, செவ்வாய்

பத்திரங்களை அடுக்கிப் பாதுகாக்கும் ரெக்கார்ட் ரூம் அக்காவை எச்.ஆர். கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் கௌரவமாக இருக்கும்" என்றார்களாம். ஆட்குறைப்பு என்று எழுதினால், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு தர வேண்டும். ராஜினாமா என்றால் அது நிறுவனத்துக்கு மிச்சம். கௌரவத்தின் விலை அவ்வளவுதான். எழுதாதீர்கள் அக்கா என்றேன். கிராஜுவிட்டியை (பணிக்கொடை) இழுத்தடிப்பார்களோ என்று பயந்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஜூலை 25, வியாழன்

திருவள்ளூரிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் வந்தார். ஜூன் 12ஆம் தேதியே கடனை முழுசாக அடைத்துவிட்டார், பத்திரம் கைக்கு வரவில்லை. 30 நாளுக்குள் தர வேண்டும், நிறுவனத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. வெண்டரைக் கேட்டால் பெட்டி கிடைக்கவில்லை என்கிறார்கள்.

மேனேஜருக்கு ஒரு யோசனை: "தொலைந்துவிட்டது என்று எழுது, இன்னும் 30 நாள் கிடைக்கும்." உண்மைதான், தொலைந்த பத்திரத்துக்கு நகல் வாங்கித் தர அந்த விதியிலேயே கூடுதல் அவகாசம் உண்டு. ஒழுங்காகத் தேடாமலே எழுதுவதா? மெயிலில் அனுப்புங்கள் சார், எழுதுகிறேன் என்றேன். மெயில் வரவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வேறு வழியில்லாமல் நேற்று அக்காவுக்கு போன் போட்டேன். "திருவாரூர் அடுக்கில் பாரும்மா" என்றார். அங்கேதான் இருந்தது. இன்று கண்டக்டர் வந்து வாங்கிக்கொண்டார்.

25 நாள் தாமதம், 1,25,000 ரூபாய். வெண்டர் ஒப்பந்தத்தில் இதை அவர்களிடம் வசூலிக்க வழியில்லையாம். எங்கள் ஆபீஸ் செலவில் எழுதச் சொல்லிவிட்டார்கள். அவுட்சோர்ஸ் செய்தாலும் பொறுப்பு நிறுவனத்துடையதே என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இங்கே நிறுவனம் என்றால் மிச்சமிருக்கும் நாங்கள் நாலு பேர்.

மதியம் ஒரு மெயில்: 'துரித நடவடிக்கைக்காக' வெண்டர் டீமுக்குப் பாராட்டு. பத்திரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது யார் என்று அக்கா பெயரைப் போட்டு எல்லோருக்கும் பதில் அனுப்பினேன். மேனேஜர் அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை.