கடை டாப்பை அப்படியே தைக்க பேட்டர்ன் கண்டுபிடித்த வழி

டாப்பை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, எங்கெங்கே தையல் ஓடுகிறது என்று எழுதிக்கொள்வதுதான் முதல் வேலை. பேட்டர்னை, அதாவது துணி வெட்டுவதற்கான பேப்பர் வடிவத்தை, தேடுவது அதற்கப்புறம். நான் எடுத்துக்கொண்டது ஒரு ரேயான் டாப். வி கழுத்து, தோளில் யோக் (தோளை மூடும் தனித் துண்டு), அதன் கீழே முன்பக்கம் சுருக்கு, கஃப் (மணிக்கட்டுப் பட்டை) வைத்த முழுக்கை. வெளியே தெரிவது இவ்வளவுதான். திருப்பிப் பார்த்தால் தோள் உச்சியில் தையலே இல்லை. அது முன்பக்கமாக 4 செ.மீ. இறங்கி யோக் தையலாகவே ஓடுகிறது. மார்புக்கு டார்ட், அதாவது வடிவத்துக்காகப் பிடிக்கும் கூம்பு மடிப்பு, கிடையாது, அந்த வேலையைச் சுருக்கு பார்த்துக்கொள்கிறது. கை, கழுத்து வரை சாய்வாகப் போகும் ராக்லன் இல்லை, தனியாக வெட்டித் தோளில் ஏற்றியது.

"வி நெக் டாப்" என்று தேடினால் படங்கள் வந்து குவியும். யோக், டார்ட் இல்லாதது, ஏற்றிய கை, நெய்த துணி என்று தேடினால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். போட்டோவை நம்ப வேண்டாம். பூப்போட்ட துணியில் தையல் கோடு மறைந்துபோகும். பேட்டர்னோடு வரும் கோட்டுப்படத்தை மட்டும் பாருங்கள்.

நெய்த துணியா, பின்னல் துணியா என்பதில் தவறினால் மீதி எல்லாம் வீண். சந்தேகம் இருந்தால் துணியை அகலவாக்கில் 10 செ.மீ. பிடித்து இழுங்கள். 12.5 வரை சுலபமாக வந்தால் 25 சதவீதம் இழுபடுகிறது, பெரும்பாலும் பின்னல் துணிதான். அதற்கென்று போட்ட பேட்டர்னை இழுபடாத துணியில் வெட்டினால் தலையே நுழையாமல் போகலாம்.

அடுத்தது அளவு. டாப்பை மேசையில் இழுக்காமல் பரப்பி, ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்தேன்: 52 செ.மீ. சுற்றளவு 104. உடம்பின் மார்பளவு 90 என்றால் லூஸ் 14 செ.மீ. பேட்டர்னில் நீங்கள் தேட வேண்டிய எண் இந்த 104. தைத்து முடித்த உடையின் அளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள். சைஸ் நம்பரைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான், கடை சைஸும் பேட்டர்ன் சைஸும் ஒன்றல்ல.

எல்லாமே பொருந்தும் பேட்டர்ன் கிடைக்காது, தேவையும் இல்லை. தோள் அகலமும் ஆர்ம்ஹோலும் (கை ஏற்றும் வளைவு) பொருந்தினால் எடுத்துக்கொள்ளலாம். நீளம், கழுத்து, கஃப், சுருக்கு எல்லாம் பேப்பரிலேயே மாற்றக்கூடியவை. ஆர்ம்ஹோலை மாற்றப் போனால் கையும் மாற வேண்டும், அது பெரிய வேலை. அதனால் கழுத்து அப்படியே ஒத்து, தோள் 2 செ.மீ. அகலமாக இருக்கும் பேட்டர்னைவிட, வட்டக் கழுத்தாக இருந்தாலும் தோள் சரியாக இருப்பதையே எடுப்பேன்.

பேட்டர்னை கம்ப்யூட்டரிலிருந்து பிரின்ட் எடுக்கும்போது 100 சதவீதத்தில் வைத்து, முதல் பக்கத்திலுள்ள சோதனைச் சதுரத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பக்கத்துக்குள் அடக்கு என்ற தேர்வு விழுந்து 97 சதவீதமானால் 104 செ.மீ. 101 ஆகிவிடும். தையலுக்கு விடும் துணியையும் கவனியுங்கள். சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் போன்ற கம்பெனிப் பேட்டர்ன்களில் பொதுவாக 1.5 செ.மீ. சேர்ந்தே இருக்கும். பர்டா இதழ் பேட்டர்னில் சேர்ந்திருக்காது, நாம்தான் விட வேண்டும்.

இனி யோக். எடுத்த பேட்டர்னில் தோள் தையல் உச்சியிலேயே இருந்தால், முன்பக்கப் பேட்டர்னில் தோள் தையல் கோட்டுக்கு இணையாக 4 செ.மீ. கீழே கோடு போட்டு வெட்டி, அந்தத் துண்டைப் பின் யோக்கோடு ஒட்ட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். வெட்டிய ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டினால் இரண்டு பக்கத்துத் தையல் விடுப்பும் உள்ளே வந்து தோள் 3 செ.மீ. உயர்ந்துவிடும். தையல் கோட்டின் மேல் தையல் கோடு உட்கார வேண்டும். புதிதாக வெட்டிய கோட்டுக்கு இரண்டு பக்கமும் தையல் விடுப்பு சேர்க்க மறக்கக் கூடாது.

சுருக்கில் எவ்வளவு துணி போயிருக்கிறது என்பதை டாப்பே சொல்லும். யோக் தையலின் உள்பக்கம் பிதுங்கி நிற்கும் ஓரத்தில், ஒவ்வொரு மடிப்பிலும் ஏறி இறங்கும்படி ஒரு நூலைப் படிய வைத்துப் போனேன். தையலில் 7 செ.மீ. இருந்த இடத்தில் நூல் 12.5 செ.மீ. போனது. ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் 5.5 செ.மீ. கூடுதலாக வேண்டும். முன்பக்கப் பேட்டர்னை யோக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி மூன்று கீறலாக வெட்டி, மேலே மட்டும் விரித்து, இடைவெளியில் பேப்பர் ஒட்டினால் கிடைத்துவிடும். கீழ் ஓரத்தை விரிக்காவிட்டால் சுற்று ஏறாது.

கையை வேறு பேட்டர்னிலிருந்து எடுப்பதானால், கையின் மேல் வளைவையும் ஆர்ம்ஹோலையும் தையல் கோட்டிலேயே டேப்பை நிறுத்தி வைத்து அளந்து ஒப்பிடுங்கள். நெய்த துணியில் கை 2 முதல் 3 செ.மீ. கூடுதலாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் தோளில் சுருங்கி நிற்கும்.

ஒத்திகைக்குக் காடாத்துணி என்பார்கள். ரேயானுக்கு அது ஒத்துவராது, விறைப்பாக நின்று சுருக்கை உப்பலாகக் காட்டும். விலை குறைந்த, தொய்வாக விழும் துணியில் தைத்துப் பாருங்கள். நல்ல ரேயானை வெட்டுமுன் நனைத்துக் காயவைத்தாக வேண்டும், சுருங்கும்.

கழுத்தை டாப்பிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். வி கழுத்தின் இரண்டு பக்கமும் சாய்வாக ஓடுவதால், போட்டுப் போட்டு இழுபட்டிருக்கும். பேப்பரில் முனையை 1 செ.மீ. மேலேயே நிறுத்தி, வெட்டியவுடன் தோளிலிருந்து முனை வரை ஓரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் ஒரே திசையில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். போட்டுப் பார்த்த பிறகு இறக்கிக்கொள்ளலாம்.