மாமாவுக்கு ஒரு மடக்குக் கத்தி

காரைக்கால் மாமாவுக்கு மடக்குக் கத்தி ஒன்று வாங்கிப் போக வேண்டும். நாங்கள் இருப்பது பிரான்சில், கிளெர்மோன் ஃபெரானில். இங்கிருந்து தியேர் நகரம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பிரான்சில் செய்யப்படும் கத்திகளில் பெரும்பங்கு அந்த மலைச்சரிவு ஊரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும்தான் உருவாகிறது. அதனால் எங்கே வாங்குவது என்ற கேள்வியே இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் எனக்கும் மாமாவுக்கும் ஒத்துவரவில்லை. நான் வெறும் மரப்பிடிக் கட்சி. அவர் தேனீக் கட்சி.

என் கட்சிக்காக முதலில் பேசிவிடுகிறேன். எங்கள் வீட்டு அடுக்களை இழுப்பறையில் இருப்பது ஒப்பினெல், எட்டாம் எண். ஆல்ப்ஸில் இருக்கும் சவுவா மலைப்பக்கத்தில் ழோசெஃப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி. எட்டரை சென்டிமீட்டர் அலகு, பீச் (beech) மரப் பிடி, ஒரு ஆணி, இரண்டு வளையம், அவ்வளவுதான் மொத்தச் சாமானும். திருகினால் அலகு அசையாமல் நிற்கும்படி பூட்டுகிற வளையம்கூட 1955-இல்தான் வந்தது. அலங்காரம் என்று தேடினால் அலகில் பொறித்த முடிசூட்டிய கை ஒன்று அகப்படும். அந்தப் பக்கத்து சேன்-ழான்-த-மோரியேன் ஊர்க் கோயிலில் திருமுழுக்கு யோவானின் விரல்கள் என்று சொல்லிப் பாதுகாத்து வருகிறார்கள். ஊர்ச் சின்னத்திலேயே அந்தக் கை உண்டு. அதற்குச் சவுவாவின் முடியைச் சூட்டி 1909-இல் முத்திரை ஆக்கிக்கொண்டார்கள். 15 யூரோ வைத்துக்கொண்டு போனால் வாங்கிவிடலாம். தொலைந்தால் அழ வேண்டாம்.

குறையும் உண்டு. ஈரத்தில் மரம் ஊதிக்கொண்டால் அலகு வெளியே வராமல் அடம்பிடிக்கும். அப்போது பிடியின் பின்நுனியை மேசையில் ஒரு தட்டு தட்ட வேண்டும், அலகு எட்டிப் பார்க்கும். இங்கே அதைச் சவுவாக்காரன் தட்டு என்பார்கள். காரைக்காலில் ஐப்பசி அடைமழைக்கு ஒரு தட்டு போதுமா என்பது வேறு விஷயம். கார்பன் ஸ்டீல் அலகாக இருந்தால் இன்னும் மோசம்: மாங்காய் நறுக்கிவிட்டு அப்படியே வைத்தால் கருத்துப்போகும், கடற்காற்றில் துரு பூக்கும். துருப்பிடிக்காத அலகிலும் அதே எட்டாம் எண் கிடைக்கிறது என்பதால் அது பெரிய சங்கடமில்லை.

இதையெல்லாம் போனில் மாமாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரிம்மா. அந்த தேனீ போட்டது வாங்கிட்டு வா" என்றார்.

தேனீ போட்டது என்றால், பிடியின் முதுகில் தேனீ உருவம் உட்கார்ந்திருக்கும் லயோல் கத்தி. ஆவெய்ரோன் மாவட்டத்தில் ஓப்ராக் பீடபூமியின் மேல் இருக்கும் சின்ன ஊரின் பெயர் அது. 1829-இல் பியேர்-ழான் கல்மெல்ஸ் அங்கே செய்ததைத்தான் முதல் லயோல் கத்தி என்பார்கள். இப்போது கடைக் கண்ணாடிக்குள் மணப்பெண் போல ஜோடித்து வைத்திருக்கும் இந்தக் கத்தி, பிறந்தபோது மாடு மேய்ப்பவர்களின் கத்தி. சேர்ந்தவை எல்லாம் முதலில் வேலைக்காகச் சேர்ந்தவை. மாட்டுக்கு வயிறு உப்பினால் குத்தி வாயுவை இறக்க ஒரு ஊசி வந்தது. பிழைப்புக்குப் பாரிஸ் போய் காபிக்கடைகளில் நின்ற ஆவெய்ரோன்காரர்களால் 1880 வாக்கில் கார்க் திருகி வந்தது. தேனீ வந்து உட்கார்ந்தது அதற்கெல்லாம் பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். நெப்போலியன் இந்த ஊருக்குப் பரிசாகக் கொடுத்த சின்னம் என்று சுற்றுலாக் கடையில் ஒரு கதை சொல்வார்கள். நெப்போலியன் 1821-லேயே போய்ச் சேர்ந்தாயிற்று, கத்தி பிறந்ததே 1829. கதை நல்ல கதை, கேட்டுக்கொள்ளலாம்.

பிடியில் குட்டி ஆணிகளால் சிலுவை பதித்ததும் உண்டு. மந்தையோடு மலையில் கிடந்த இடையர்கள் கத்தியை ரொட்டியிலோ மண்ணிலோ குத்தி நிறுத்தி அதன் முன் ஜெபம் செய்தார்கள் என்பார்கள். மாமாவுக்கு அது பிடிக்கும் என்று நினைத்தேன். "பூசை அறையிலயா வைக்கப் போறேன், கொய்யா வெட்டப் போறேன்" என்றுவிட்டார்.

என் தயக்கம் அழகைப் பற்றியதல்ல. லயோல் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டு விற்கிற நிலை வெகுகாலம் இருந்ததால், பெட்ரோல் பங்கில் தொங்குகிற மட்டமான சரக்கிலும் தேனீ உண்டு, கைவேலைக்காரர் செய்ததிலும் தேனீ உண்டு. தேனீயைப் பார்த்து ஏமாறுவதுதான் சுலபம். நான் தியேரில் ஒரு பட்டறைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது: தேனீ, பிடியின் முதுகில் ஓடும் ஸ்பிரிங்கோடு ஒரே இரும்பாக அடிக்கப்பட்டதா, தனியாகச் செய்து ஒட்டியதா என்று பார்க்க வேண்டும். ஒட்டியதில் தேனீயின் அடியில் ஒரு கோடு தெரியும். அடுத்து, ஸ்பிரிங்கின் முதுகில் அரத்தால் போட்ட கோலம். கையால் அராவியதில் வெட்டுகள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்காது. ஒன்று கொஞ்சம் ஆழம், ஒன்று கொஞ்சம் சாய்வு. கடைசியாகக் கத்தியை விரித்து, ஸ்பிரிங்கும் பக்கத் தகடுகளும் சேரும் இடத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். நடுவில் வெளிச்சம் கசிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அப்போது அவரே ஒன்று காட்டினார். தேனீயும் இல்லை, கோலமும் இல்லை, வழுவழுவென்று மொட்டை ஸ்பிரிங் வைத்த லயோல். பிடி ஜூனிப்பர் மரம். மோந்து பார்த்தால் மிளகு மணம். அலங்காரம் பண்ணினால் கண் அங்கே போய்விடும், மொட்டையாக விட்டால் இணைப்பில் மயிரிழை பிசகினாலும் தெரிந்துவிடும் என்றார். எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது. விலையைக் கேட்டதும் எழுந்துவிட்டது.

தியேருக்குப் போகிறவர்கள் துரோல் ஆற்றங்கரைப் பக்கமும் ஒரு நடை போய்வர வேண்டும். ஆற்றுநீர் சுழற்றிய சாணைக்கல்லின் மேல், பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் அந்தக் காலத்துச் சாணைக்காரர்கள் வேலை செய்தார்கள். குளிருக்கு அடக்கமாகக் கால்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொள்வார்களாம். அலகு ஒருவர், பிடி ஒருவர், பூட்டுவது ஒருவர் என்று ஊரே பிரித்துச் செய்த தொழில்.

அலங்காரமே கூடாது என்று சொல்பவளும் இல்லை நான். தியேரிலேயே கொஞ்ச விலைக்குக் கிடைக்கும் தூக்-தூக் என்ற மடக்குக் கத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1929-இல் கொஞே பட்டறையில் பிறந்தது. இரும்புத் தகட்டை மடித்ததுதான் பிடி, மரமே கிடையாது. அதில் ஒரு மெலனீசியத் தீவுத் தெய்வத்தின் உருவம் பதிந்திருக்கும். பசிபிக் தீவுகளில் விற்பதற்கென்று செய்தார்கள், வட ஆப்பிரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. அந்த உருவம் தகட்டோடு தகடாகக் கிடக்கிறது. கையில் உறுத்தாது, அழுக்கு சேராது, உதிராது. லயோல் ஸ்பிரிங்கின் கோலத்தில் கொய்யாப் பிசுக்கு ஏறினால் பழைய டூத்பிரஷ் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். மூடும்போது டப்பென்று விடவும் கூடாது, கூர் போய் உள்ளே ஸ்பிரிங்கில் இடித்து மழுங்கும். மாமா எதையும் மெதுவாக மூடிப் பார்த்ததில்லை; கார் கதவு, பீரோ, பேச்சு எதுவானாலும்.

தூக்-தூக் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினேன். பதில் போனில் வந்தது. மாமா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அட்ஜுதான் என்பது அங்கே சிப்பாய்களுக்கு மேலே ஒரு பதவி. ஜிபுத்தி ஆப்பிரிக்காவில்.

"ஏம்மா, நான் சொல்தாவா இருந்தப்ப ஒப்பினெல்தான் வெச்சிருந்தேன். ஜிபுத்தியில எங்க எல்லார் கிட்டயும் அதுதான். ஊருக்குக் கொண்டாந்து, உங்க அத்தை அதுல மீன் செதில் எடுத்தே தேய்ச்சுட்டா. லயோல் எங்க அட்ஜுதான்கிட்டதான் இருந்துது. சாப்பாட்டு மேசையில அந்த ஆளு சட்டைப்பையிலேர்ந்து எடுத்து விரிப்பாரு பாரு..."

இதற்கு எதிராக ஸ்பிரிங் இடுக்கில் சேரும் பிசுக்கைப் பற்றி என்ன பேசுவது? பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14-க்குப் புதுச்சேரியில் பழைய சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு கூடுவார்கள். கொய்யா என்பதெல்லாம் சும்மா. கத்தி எந்த மேசையில் விரியப் போகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

ஆக, தேனீ போட்டதுதான். மற்றதை நான் முடிவு செய்கிறேன் என்று ஒப்பந்தம். 12 சென்டிமீட்டர் பிடி, துருப்பிடிக்காத அலகு, ஒரே இரும்பில் அடித்த தேனீ. மாட்டுக்கொம்புப் பிடி பார்க்க அழகுதான், ஆனால் காய்ந்தால் வளைகிற சாதி, அதனால் ஜூனிப்பர். இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் வேண்டும் என்று மாமா கேட்டார், விட்டுக்கொடுத்தேன். கடற்காற்றில் மங்கும், அத்தை புளி போட்டுத் துலக்குவார். அலகில் புளி படக்கூடாது என்று அத்தைக்குத் தனியாக ஒரு போன் போட வேண்டும். கத்தி பெரிய பெட்டிக்குள் போகும். கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டிலேயே பிடுங்கிவிடுவார்கள்.

எல்லாம் பேசி முடித்துப் பட்டறைக்காரருக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நேற்று ராத்திரி மறுபடி போன்.

"கார்க் திருகி வெச்சதாம்மா?"

"நீங்கதான் குடிக்கிறதை விட்டு வருஷக்கணக்கா ஆச்சே மாமா."

"அட்ஜுதானோடதுல இருந்துது."

திருகி சேர்ந்தால் பிடி இன்னும் கொஞ்சம் தடிக்கும், விலையும் ஏறும். சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை யோசித்துச் சொல்வாராம்.