நரம்பு செல்லைச் செய்தி செல்லும் திசையில் படியுங்கள்

நரம்பு செல் பத்தாம் வகுப்பு அறிவியலிலும் வருகிறது, பதினொன்றாம் வகுப்பு விலங்கியலிலும் வருகிறது, நீட் தேர்வுப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. இருந்தும், உறுப்புகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்களே கூற்று–காரணம் வகை வினா வந்தால் தயங்குகிறார்கள். நான் இப்பகுதியைப் படம் வரைந்தே படித்தேன். அதிலும் செய்தி எந்தத் திசையில் செல்கிறதோ அதே வரிசையில், செய்தியை வாங்கும் கிளைகளான டென்ட்ரைட்டுகளில் தொடங்கி, செல்லின் உடலான சைட்டான், அதிலிருந்து புறப்படும் நீண்ட இழையான ஆக்சான் வழியாக, அடுத்த செல்லுக்குச் செய்தியைக் கொடுக்கும் சினாப்ஸ் குமிழ்களில் முடியுமாறு வரைந்தேன். அப்படி வரையும்போது அடுத்த உறுப்பு ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

படத்தில் நான் அதிகக் கவனம் செலுத்தியது நிசில் துகள்களைக் குறிக்கும் புள்ளிகளில்தான். புரதத்தை உருவாக்கும் ரைபோசோம்கள் ஒட்டிய எண்டோபிளாச வலையின் (செல்லுக்குள் இருக்கும் சவ்வு வலை) திரள்களான இவை சைட்டானிலும் டென்ட்ரைட்டுகளிலும் காணப்படும். ஆக்சானிலும், அது புறப்படும் ஆக்சான் குன்றிலும் காணப்படுவதில்லை. எனவே குன்றின் விளிம்பிலேயே பேனாவை நிறுத்திவிட வேண்டும். ஆக்சானுக்கு வேண்டிய புரதங்களின் பெரும்பகுதி சைட்டானில் உருவாகிக் கடத்தப்படுகிறது என்பதும் இந்த ஓர் இடத்திலிருந்தே விளங்கிவிடும்.

ஆக்சானைச் சுற்றியிருக்கும் கொழுப்பு நிறைந்த மையலின் உறையைப் பொறுத்தவரை, புற நரம்பு மண்டலத்தில் அதை உருவாக்குபவை ஷ்வான் செல்கள், மைய நரம்பு மண்டலத்தில் ஆலிகோடென்ட்ரோசைட்டுகள் என்ற வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். உறை இடைவிடும் ரான்வியர் கணுக்களில் தூண்டல் தாவித் தாவிச் செல்வதால், உறையுள்ள தடித்த இழைகளில் அதன் வேகம் நொடிக்கு 100 மீட்டரையும் தாண்டக்கூடும். உறையற்ற மெல்லிய இழைகளில் ஏறத்தாழ 2 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

வகைகளில்தான் குழப்பம் மிகுதி. ஒருமுனை, இருமுனை, பலமுனை என்பது செல்லிலிருந்து புறப்படும் நீட்சிகளின் எண்ணிக்கையைப் பொறுத்த பிரிவு. உணர்ச்சி, இயக்க, இணைப்பு நியூரான்கள் (நியூரான் என்பது நரம்பு செல்லின் மற்றொரு பெயர்) என்பது வேலையைப் பொறுத்த பிரிவு. இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதாமல், ஒன்றை நெடுக்கிலும் மற்றொன்றை குறுக்கிலும் வைத்துக் கட்டம் போட்டால், மூக்கின் நுகர்ச்சிப் படலத்திலுள்ள இருமுனை நியூரான் உணர்ச்சி நியூரானாகவும், விழித்திரையிலுள்ள இருமுனை நியூரான் இணைப்பு நியூரானாகவும் தனித்தனிக் கட்டங்களில் விழும். (இக்கட்டத்தை எந்த வழிகாட்டி நூலிலிருந்தும் பார்த்து எழுத வேண்டாம், நீங்களே நிரப்பினால்தான் பயன்.)

ஒருமுனை நியூரான் கருவின் தொடக்க நிலையில் காணப்படும் என்பது பாடநூல் வரி. தேர்வில் அதையே எழுதுங்கள். ஆனால் தண்டுவடத்தின் முதுகுப்புற வேர் முடிச்சுகளில் (தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு செல் திரள்கள்) வளர்ந்த மனிதரிடமும் இருப்பவை போலி ஒருமுனை நியூரான்கள். இவற்றில் ஒற்றை நீட்சி புறப்பட்டுச் சற்றுத் தொலைவில் இரண்டாகப் பிரிகிறது. பாதத்தின் தொடுவுணர்வைக் கொண்டுவரும் நியூரானில், ஒரு கிளை இடுப்புப் பகுதி முடிச்சிலிருந்து கால்விரல் வரை ஏறத்தாழ 1 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது; மற்றொன்று தண்டுவடத்துக்குள் நுழைகிறது.