மூன்று நொடிக்கு ஒரு குண்டு

போர்க்கப்பல் பைத்தியங்களுக்கு யமாத்தோ, பிஸ்மார்க் மாதிரி பெரிய பெயர்கள்தான் பிடிக்கும். எனக்கென்னவோ கட்டாமலே விட்ட கப்பல்கள்மேல்தான் கண். அதிலும் இரண்டாம் உலகப்போரின் கடைசியில் பிரிட்டன் தன் குரூசர்களுக்காக (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள்) யோசித்த 6 அங்குலப் பீரங்கியின் கதை தனி ரகம். கப்பல்களை ரத்து செய்தார்கள், பீரங்கியை விடவில்லை. அதையும் சேர்த்து விட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

முதலில் பழைய பீரங்கியைப் பார்த்துவிடலாம். லண்டனில் தேம்ஸ் நதியில் அருங்காட்சியகமாக நிற்கிறதே பெல்ஃபாஸ்ட், அதில் இருப்பது அதுதான். நான்கு டரட் (பீரங்கிகளைத் தாங்கிச் சுழலும் கவசக் கூடு), ஒவ்வொன்றிலும் மூன்று குழாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுக்குழாய் மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளியிருப்பது தெரியும். மூன்றும் ஒன்றாகச் சுடும்போது பக்கத்துக் குண்டின் காற்று நடுக்குண்டை அலைக்கழிக்கக்கூடாது என்பதற்காக. (முன்பக்க டரட்கள் இரண்டையும் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில் உள்ள லண்டன் கேட்வே என்ற ஓய்விடத்தை நோக்கித் திருப்பி வைத்திருக்கிறார்கள். யார் யோசனையோ, கும்பிடவேண்டும்!) குண்டு ஒன்று 51 கிலோ, அதைத் தள்ளும் வெடிமருந்தான கார்டைட் தனிப் பையில். டரட்டுக்குள் ஆட்கள் கைவலிக்க வேலை பார்த்தால் ஒரு குழாய் நிமிடத்துக்கு 6 முதல் 8 குண்டு வரை சுடும். கப்பலைச் சுட அது தாராளம். ஆனால் குழாய் 45 பாகைக்கு மேல் தூக்காது, தலைக்கு மேலே வருகிற விமானத்தை ஒன்றும் செய்யமுடியாது.

அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலர்னோ கடற்கரையில் நன்றாகவே தெரிந்தது. ஜெர்மானியர்கள் ஃபிரிட்ஸ் எக்ஸ் என்ற வானொலியால் வழிநடத்தும் குண்டை மிக உயரத்தில் பறந்த விமானங்களிலிருந்து போட்டார்கள். 11ஆம் தேதி அமெரிக்கக் குரூசர் சவான்னாவின் மூன்றாவது டரட் கூரையைத் துளைத்துக்கொண்டு இறங்கி உள்ளே போய் வெடித்தது. 197 பேர் செத்தார்கள். இரண்டு நாள் கழித்து பிரிட்டிஷ் குரூசர் உகாண்டாவுக்கும் அதே கதி.

கப்பலையும் சுடவேண்டும், உயரே பறப்பதையும் சுடவேண்டும், ஒரே பீரங்கிதான் என்ற ஆசை அட்லாண்டிக்கின் இரு கரையிலும் இருந்தது. பிரிட்டன் 1944இல் நெப்டியூன் வகை என்று 12 பீரங்கிகளோடு ஒரு பெரிய குரூசரைத் திட்டமிட்டது. போர் முடிந்தது, கஜானா காலி, 1946இல் அது ரத்து. அடுத்து மினோட்டார் என்று இன்னொரு திட்டம்: ஐந்து இரட்டை டரட், மொத்தம் 10 குழாய், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 20 குண்டு, அதாவது மூன்று நொடிக்கு ஒன்று. கப்பல் ஒன்றே நிமிடத்துக்கு 200 குண்டு! காகிதத்தில் அசத்தல். அதுவும் காகிதத்தோடு சரி.

ஆனால் அந்த டரட் மட்டும் பிழைத்துக்கொண்டது. போர்க்காலத்தில் பாதி கட்டி நிறுத்திவைத்த டைகர், லயன், பிளேக் என்ற மூன்று குரூசர்களின் உடல்கள் சும்மா கிடந்தன. இதை அவற்றின்மேல் ஏற்றினால் என்ன என்று முடிவுசெய்து, இழுத்துப் பிடித்து வேலை பார்த்து, 1959 முதல் 1961க்குள் மூன்றையும் சேவைக்குக் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு இரண்டே டரட், நான்கே குழாய்.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. பெல்ஃபாஸ்டைவிடச் சிறிய, மூன்று டரட்டில் 9 குழாய் வைத்த பழைய குரூசரே நிமிடத்துக்கு 54 முதல் 72 குண்டு சுடும். புதியது நான்கையும் வைத்து 80. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது, எல்லாம் ஓடும்வரை. பழையதில் ஒரு குழாய் மக்கர் செய்தால் எட்டு மிச்சம். டைகரில் ஒன்று சிக்கினால் கால்வாசி பலம் போச்சு. இதுவோ 80 பாகை வரை தூக்கியபடியே தானாகக் குண்டைத் திணிக்கும் இயந்திரம், அடிக்கடி சிக்குவதில் பேர் வாங்கியது. அமெரிக்கர்கள் வொர்செஸ்டர் குரூசரில் இதே ஆசையைச் செயல்படுத்திப் பார்த்தார்கள், அங்கேயும் டரட் தொல்லைதான்.

அதற்குள் காலமும் ஓடிவிட்டது. டைகர் வந்த மூன்றே வருடத்தில், 1962இல், விமானத்தை வீழ்த்தும் சீஸ்லக் ஏவுகணையோடு டெவன்ஷயர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்துவிட்டது. விமானத்தைச் சுடத்தானே இத்தனை பாடு? அப்புறம் பிளேக்கிலும் டைகரிலும் பின்பக்க டரட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹெலிகாப்டர் கொட்டகை கட்டினார்கள். குரூசர் என்று பெயர், 6 அங்குலக் குழாய் இரண்டு. லயனுக்கு அந்த மரியாதைகூட இல்லை, உதிரிபாகத்துக்கு உதவிவிட்டு 1975இல் பழைய இரும்புக்குப் போனது.

இந்தக் கதையில் நம் பங்கும் உண்டு. பிரிட்டனின் நைஜீரியா என்ற குரூசரை இந்தியா வாங்கி 1957இல் ஐ.என்.எஸ். மைசூர் ஆக்கியது. அதில் இருந்தவை பெல்ஃபாஸ்டில் இருக்கிற அதே பழைய ரகம், ஒன்பது குழாய். பிளேக் 1979இல் ஓய்வு பெற்றது. மைசூர் 1985 வரை ஓடியது.