திரையில் வந்த எண்

"இவ்வளவு பாரமும் என் முதுகு மேலயா இறங்குது?" என்று அந்த அம்மா கேட்டார். "ஆமாம்மா" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பதில் இன்னும் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

முதுகில் இறங்கும் பாரத்தை அளக்க, தரையிலிருந்து 10 கிலோ பெட்டியைத் தூக்கும் சோதனை. அறுபதைத் தாண்டியவர், எலும்பு அடர்த்தியைப் பார்த்துத்தான் ஆய்வில் சேர்த்திருந்தோம். இடுப்புப் பகுதியில் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டுகளில், கடைசி வட்டில் 2,700 நியூட்டன் அழுத்தம் என்று திரை காட்டியது. "கிலோவுல சொல்லுங்க தம்பி" என்றார். கிட்டத்தட்ட 270 என்றேன். முகம் மாறிவிட்டது.

உடனே விளக்கினேன். பெட்டி உடம்பை விட்டு முன்னால் தள்ளி இருக்கிறது. அதை ஈடுகட்டும் முதுகுத் தசைகளோ முதுகெலும்பை ஒட்டி ஐந்தாறு சென்டிமீட்டரில்தான் இருக்கின்றன. அதனால் பெட்டியின் எடையைப்போலப் பல மடங்கு விசையோடு இழுக்கின்றன. வட்டை நசுக்குவதில் பெரும்பங்கு அந்த இழுப்புக்குத்தான். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு, வட்டின் மேல் விழும் அழுத்தத்துக்கு 1981-ல் வகுத்த 3,400 நியூட்டன் வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள் என்றும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு முழு மனசில்லை. வயதான, அடர்த்தி குறைந்த முள்ளெலும்பு அதற்குக் கீழேயும் உடையக்கூடும். அவர் எலும்பு அப்படியில்லைதான். ஆனால் எல்லாருக்கும் பொதுவான வரம்பைத் தனி ஒருவருக்கு ஆறுதலாகச் சொல்லலாமா?

"இனிமே குனியவே யோசிக்கணும் போல" என்றபடி அடுத்த முறை தூக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பை விறைப்பாக்கி. வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் ஒரே நேரத்தில் இறுகியது சென்சார் கோடுகளில் தெளிவாகத் தெரிந்தது. எதிரெதிர்த் தசைகள் சேர்ந்து இறுகினால் நடுவில் மாட்டுவது வட்டுதான். அதே பெட்டி, அழுத்தம் மட்டும் கூடியிருந்தது.

அவர் உடம்பைப் பற்றிய தகவலை அவரிடம் மறைக்க எனக்கு உரிமையில்லை. கேட்டார், சொன்னேன். ஆனால் பாரம் எலும்பின் எதிரியல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்கலாமோ? எலும்பு தாங்கும் பாரத்துக்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் என்று ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதிவிட்டார். 2018-ல் வெளியான லிஃப்ட்மோர் ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் 8 மாதம் மேற்பார்வையில் கனமான எடை தூக்கினார்கள். இடுப்பு முள்ளெலும்பின் அடர்த்தி கூடியது. இதெல்லாம் சொன்னால் மட்டும் அந்த 270 அவர் தலையிலிருந்து இறங்கியிருக்குமா, தெரியவில்லை.

"தூக்குற விதமே மாறிடுச்சு, அந்தப் பதிவுகளை எடுத்துடலாம்" என்றார் உடன் வேலை செய்பவர். விதிப்படி சரி என்பதால் நானும் ஒப்புக்கொண்டேன். ஆனால் வெளியே பாதிப்பேர் பயந்துபோன முதுகோடுதானே தூக்குகிறார்கள்? நாம் கழித்துவிட்டதுதான் அவர்களுடைய உண்மையான பாரம் என்றும் தோன்றுகிறது.

இப்போது சோதனை முடியும்வரை திரையைப் பங்கேற்பவர் பக்கம் திருப்புவதில்லை. முடிந்தபின் கேட்டால் சொல்கிறோம். நியூட்டனில் மட்டும் சொன்னால் போதும் என்கிறார் உடன் வேலை செய்பவர். யாருக்கும் புரியாத அலகில் சொல்வதும் மறைப்பதுதான் என்கிறேன் நான். அந்த வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.