ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்

பச்சிளங்குழந்தை வார்டில் வேலை பார்ப்பவள் என்பதால் தெரிந்தவர் வீட்டில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் எனக்கு ஒரு போன் வரும். "அக்கா, தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது, அப்புறம் வேக வேகமா விடுறா, பயமா இருக்கு." பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. முதல் சில மாதங்களில் மூச்சு ஐந்து, பத்து விநாடி நின்று, பிறகு வேகமெடுத்து, மறுபடி சீராகும். அதுவே 20 விநாடியைத் தாண்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, உடம்பு துவண்டாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இந்த நின்று போகும் மூச்சால்தான், மூச்சை 15 விநாடி மட்டும் எண்ணி நான்கால் பெருக்குவதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. அந்த 15 விநாடியில் ஓர் இடைவெளி விழுந்தால் ஏழு மூச்சுதான் வரும், கணக்கு 28. வேகமான நேரமாக இருந்தால் 18 வரும், கணக்கு 72. இரண்டும் ஒரே குழந்தைதான்! இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, அதற்குப் பிறகு ஒரு வயது வரை 50, இதைத் தொட்டாலே வேகமூச்சு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிய முழு நிமிடம் வேண்டும். பால் குடித்தவுடனோ அழும்போதோ எண்ணாதீர்கள். சின்னக் குழந்தைக்கு 60 வந்தால் சற்று விட்டு இன்னொரு தடவை எண்ணுங்கள்.

எண்ணும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். கைக்குழந்தையின் விலா எலும்பு குருத்தெலும்பாக, மெத்தென்று இருக்கும். மூச்சு இழுக்கும் வேலை பெரும்பாலும் உதரவிதானத்துடையது, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையுடையது. நுரையீரல் விறைத்தோ மூச்சுக்குழாய் அடைத்தோ இருந்தால், வயிறு மேலே எழும்பும் அதே நேரத்தில் நெஞ்சு உள்ளே போகும். விலாவுக்குக் கீழே குழி விழும், மூக்குத் துளை விரியும், மூச்சு விடும்போது முனகல் கேட்கும். அந்த முனகல் வலியால் வருவதல்ல; காற்று முழுதும் வெளியே போய் நுரையீரல் சுருங்கிவிடாமல் இருக்கக் குழந்தை தொண்டையை இறுக்கிப் பிடிக்கும் சத்தம். இவற்றுக்கு மதிப்பெண் போடும் சில்வர்மன் ஆண்டர்சன் முறை 1956-இல் வந்தது, இன்றைக்கும் வார்டில் அதைத்தான் போடுகிறோம்.

வார்டு மானிட்டர் இருக்கிறதே என்பார்கள். நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி லீடு வழியாக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, நெஞ்சின் அசைவைத்தான் அது எண்ணுகிறது. தொண்டை அடைத்துக் காற்றே போகாவிட்டாலும் நெஞ்சு அசைந்தால் மூச்சு என்றே காட்டும். காலில் மாட்டும் ப்ரோப் ஆக்ஸிஜன் அளவைச் சொல்லும், ஆனால் ஆக்ஸிஜன் வைத்திருக்கும் குழந்தை மூச்சுக்குத் திணறினாலும் கொஞ்ச நேரம் 95 காட்டிக்கொண்டே இருக்கும். எனக்குப் பிடித்தது இரண்டு பட்டை முறை. நெளிநெளியாகக் கம்பி தைத்த பட்டை நெஞ்சில் ஒன்று, வயிற்றில் ஒன்று. இரண்டும் சேர்ந்து எழும்புகின்றனவா, எதிரெதிராகவா என்று பாகைக் கணக்கில் சொல்லிவிடும். முகத்தில் மாஸ்க் வேண்டாம். மாஸ்க் வைத்தாலே குழந்தையின் மூச்சு மாறிவிடுகிறது என்பதால் இது பெரிய விஷயம். பெரியவர்களிடம் "நல்லா ஊதுங்க" என்று சொல்லலாம், மூன்று மாதக் குழந்தையிடம் சொல்ல முடியுமா? அதனால் சில ஆய்வகங்களில் மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, காற்றடைத்த ஜாக்கெட்டால் நெஞ்சை அழுத்தி, வெளியே வரும் காற்றை அளப்பார்கள். நோயில்லாத குழந்தைக்கு அதைச் செய்ய யாருக்கு மனசு வரும்?

மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமத்துப் பெண்களுக்காக ஒரு பலகை செய்தார்கள். ஒரு நிமிட மணல் கடிகாரம், கூடவே கோத்த மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும், மணல் தீருமுன் சிவப்பு மணி நகர்ந்தால் வேகமூச்சு, அதாவது நிமோனியா. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களால் அதைச் செய்ய முடிந்தது என்றால் கையில் போன் வைத்திருக்கும் நமக்கு என்ன தடை?

போன் என்றதும் இன்னொன்று. டாக்டரிடம் போகும் நேரத்தில் குழந்தை சமர்த்தாகத் தூங்கிவிடும். வீட்டில் சந்தேகம் வந்த அந்த நேரத்திலேயே சட்டையைத் தூக்கிவிட்டு, கழுத்திலிருந்து தொப்புள் வரை தெரிகிற மாதிரி, டிவியை அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். நெஞ்சு உள்ளே போவதோ முனகலோ இருந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு நிற்காமல் முதலில் வண்டியைக் கூப்பிடுங்கள், 108.