ப்ராஸ்டேட் எடுத்த பிறகு பிஎஸ்ஏ 0.31: 'நார்மல்' ரிப்போர்ட்டோடு நான் அலைந்தது

புற்றுநோய்க்காக ப்ராஸ்டேட்டை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்ட ஆளுக்கும் பிஎஸ்ஏ (ப்ராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) லேப் ரிப்போர்ட்டில் "நார்மல்: 0 முதல் 4 வரை" என்று அச்சடித்துக் கொடுப்பதை யாராவது நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். அந்த 4 என்பது சுரப்பி உடம்புக்குள் இருக்கிறவர்களுக்கான கணக்கு. எடுத்துவிட்டால் பிஎஸ்ஏ பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். 0.2-ஐத் தொட்டு, மறுபடி எடுத்தாலும் குறையாமல் இருந்தால் புற்று திரும்பிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு வந்தது 0.31. தடித்த எழுத்து இல்லை, பக்கத்தில் நட்சத்திரக் குறி இல்லை. வழக்கமாகப் பார்க்கும் பொது டாக்டர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "நாலுக்குள்ளதான் சார் இருக்கு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று ஃபைலை மூடிக் கையில் கொடுத்துவிட்டார். இதை எழுதும்போதும் வயிறு எரிகிறது.

என்னுடையது ஆரம்பத்திலிருந்தே ஹை ரிஸ்க் கேஸ். பயாப்ஸிக்கு முன் பிஎஸ்ஏ 24, புற்றின் தீவிரத்துக்குக் கொடுக்கும் க்ளீசன் மதிப்பெண் 4+4=8. பிஎஸ்ஏ 20க்கு மேல், அல்லது க்ளீசன் 8 முதல் 10 வரை, இதில் ஒன்று இருந்தாலே ஹை ரிஸ்க். எனக்கு இரண்டும். நல்லவேளை, எலும்புக்கோ நெறிக்கட்டிக்கோ பரவவில்லை. ஆபரேஷன் ஒரு வழி, ரேடியேஷனோடு நீண்ட காலத்துக்கு, டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் ஹார்மோன் ஊசி இன்னொரு வழி என்றார்கள். நான் ஆபரேஷனுக்குப் போனேன். அது நன்றாகவே முடிந்தது. சிறுநீர் கசிவு நிற்க மாதக்கணக்கானது, இடுப்புத்தளப் பயிற்சியை விடாமல் செய்து பேட் இல்லாமல் நடமாடும் அளவுக்கு வந்தேன். ஹை ரிஸ்க்கில் ஆபரேஷன் மட்டும் போதாமல் பலருக்குப் பின்னால் கரண்ட் (ரேடியேஷன்) வைக்க வேண்டி வரும் என்று சர்ஜன் அப்போதே சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு மனதில் கிடந்ததால்தான் 0.31 உறுத்தியது.

வீட்டுக்கு வந்து பழைய ரிப்போர்ட்டுகளை மேசையில் பரப்பினேன். முதலில் எல்லாம் "0.1க்குக் கீழ்". அப்புறம் லேப் மாறியிருக்கிறது, 0.16. இப்போது 0.31. சர்ஜனிடம் கொண்டுபோனேன். "அதே லேப்ல இன்னொரு தடவை எடுங்க. லேபை மாத்தினா எது உண்மையான ஏற்றம், எது மெஷின் வித்தியாசம்னு தெரியாது" என்றார். 0.34 வந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. எத்தனை மாதத்தில் அளவு இரட்டிப்பாகிறது என்பதை வைத்துத்தான் நோயின் வேகத்தைக் கணிக்கிறார்கள், அதனால் ஒரே லேபைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

"அப்ப ஆபரேஷன் முடிஞ்சதுமே கரண்ட் வெச்சிருக்கலாமே?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. 2020-ல் வெளியான ராடிக்கல்ஸ் ஆய்வில், ஆபரேஷன் முடிந்த கையோடு எல்லோருக்கும் ரேடியேஷன் கொடுப்பதையும், பிஎஸ்ஏ ஏறினால் மட்டும் உடனே கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். ஆபரேஷன் முடிந்த கையோடு கொடுத்ததால் கூடுதல் பலன் தெரியவில்லை, சிறுநீர்த் தொந்தரவு மட்டும் அதிகம். காத்திருப்பது சரிதான். ஆனால் அந்த ஆய்வில் 0.1-ஐத் தொட்டாலே விழித்துக்கொண்டார்கள். 4 வரை தூங்கலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. இந்த வைத்திய முறை முழுக்க, அந்தச் சின்ன எண்ணைச் சரியாகப் படிக்க ஓர் ஆள் இருப்பதை நம்பித்தான் நிற்கிறது.

அடுத்து, ப்ராஸ்டேட் புற்று எங்கே இருக்கிறது என்று தேடும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன். எங்கேயும் எதுவும் தெரியவில்லை. சந்தோஷப்படலாமா என்று பார்த்தால் அங்கேயும் குழப்பம். இரண்டாம் கருத்துக்காகப் பார்த்த ஒருவர், "ஸ்கேன் கிளியரா இருக்கு, பிஎஸ்ஏ 1 வரட்டும், திரும்ப ஸ்கேன் எடுப்போம்" என்றார். ரேடியேஷன் டாக்டர் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. பிஎஸ்ஏ இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஸ்கேனில் தெரியாமல் போவது சகஜம், பிஎஸ்ஏ 0.5-ஐத் தாண்டுவதற்குள் ப்ராஸ்டேட் இருந்த இடத்துக்குக் கரண்ட் வைத்தால் பலன் கூடுதல் என்று நிதானமாக விளக்கினார். ஸ்கேன் கிளியர் என்பதை மட்டும் வைத்து யாராவது காத்திருக்கச் சொன்னால், ஒரு ரேடியேஷன் டாக்டரிடம் நேரில் கேட்காமல் திரும்பாதீர்கள்.

ராத்திரியில் தூக்கம் வராத அந்த நாட்களில் எனக்குத் தெம்பு கொடுத்தது ஒரு பழைய ஆய்வு. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 1999-ல் வெளியிட்டது. பிஎஸ்ஏ ஏறியும் உடனடியாக வேறு வைத்தியம் எடுக்காதவர்களுக்கு, வேறு இடத்துக்குப் பரவ இடைநிலைக் கணக்கில் 8 வருஷம் பிடித்திருக்கிறது. க்ளீசன் 8 அல்லது அதற்கு மேல் இருந்தால், சீக்கிரமே ஏறத் தொடங்கினால், இரட்டிப்பு வேகமாக இருந்தால் காலம் குறையும் என்பதும் அதிலேயே இருக்கிறது. இருந்தாலும் நாளைக்கே எல்லாம் முடிந்துவிடாது, யோசித்துச் செய்ய நேரம் இருக்கிறது என்று தெரிந்ததே பெரிய ஆறுதல்.

இனிமேல்தான் உண்மையான அலைச்சல். ரேடியேஷன் டாக்டர் கேட்டது ஆபரேஷனில் எடுத்த ப்ராஸ்டேட்டின் முழு பயாப்ஸி ரிப்போர்ட். வெட்டிய விளிம்பில் புற்று இருந்ததா, எந்தப் பக்கம், விந்துப்பை வரை போயிருந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். என் டிஸ்சார்ஜ் சம்மரியில் "விவரத்துக்கு ரிப்போர்ட்டைப் பார்க்கவும்" என்று ஒரே வரி. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி ரெக்கார்ட் செக்ஷனுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் என் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாஃப்ட்வேர் மாத்தியாச்சு, பழைய நம்பர்ல ஒண்ணும் வராது" என்றார், தலையைத் தூக்காமல். லெட்டர் எழுதிக் கொடுத்தேன். வேறு நாள் வரச் சொன்னார்கள். அன்றைக்கு அந்த ஆள் லீவு. அதற்கடுத்த முறை, ஃபைல் குடோனில் இருக்கிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். இதற்குள் பிஎஸ்ஏ ஏறிக்கொண்டிருக்கிறதே என்ற பதைப்பு எனக்கு. கவுண்டரில் இருந்தவருக்கு அது இன்னொரு விண்ணப்பம், அவ்வளவுதான்.

கடைசியில் வழி காட்டியது ஒரு பழைய பில். அதில் பேதாலஜி (எடுத்த சதையைச் சோதிக்கும் பிரிவு) கட்டணத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு ஸ்பெசிமன் எண் இருந்தது. நேராக பேதாலஜி லேபுக்குப் போய் அந்த எண்ணைக் கொடுத்தேன். அங்கிருந்த அம்மா தடிமனான ஒரு ரிஜிஸ்டரை எடுத்து விரலை ஓட்டிக்கொண்டே வந்து, "இதோ இருக்கு சார், பிளாக்கும் பத்திரமா இருக்கு" என்றார். பிளாக் என்பது மெழுகில் பதித்து வைத்த சதை. கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட் கையில். பேதாலஜிக்கென்று தனி ரிஜிஸ்டர் இருக்கும், ரெக்கார்ட் செக்ஷன் கைவிரித்தாலும் அங்கே கேட்டுப் பாருங்கள். ஸ்பெசிமன் எண்ணை இன்றைக்கே போனில் போட்டோ எடுத்து வையுங்கள். ரிப்போர்ட்டில் கீழ் முனை விளிம்பில் புற்று இருந்தது என்றிருந்தது. அதை வைத்துத்தான் எனக்கு எங்கே கரண்ட் வைப்பது என்று வரைந்தார்கள்.

ரேடியேஷனில் வலி கிடையாது. பிளானிங் ஸ்கேன் அன்று மட்டும் திருப்பி அனுப்பினார்கள். டெக்னீஷியன் திரையைத் திருப்பிக் காட்டினார்: மலக்குடலுக்குள் கருப்பாக ஒரு காற்றுக் குமிழ், அது முன்பக்கத்தை அப்படியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் பிளான் போட்டால், காற்று இல்லாத நாளில் குறி தவறிவிடுமாம். மலக்குடல் காலியாக, சிறுநீர்ப்பை நிறைந்து வர வேண்டும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எனக்கு வாய்மொழியாகச் சொன்னது பாதிதான்.

கூடவே ஆறு மாத ஹார்மோன் ஊசி. பிரான்ஸில் நடந்த கெடுக் 16 என்ற ஆய்வில், ரேடியேஷனோடு ஆறு மாத ஊசியும் எடுத்தவர்களில் 10 வருஷத்துக்குப் பிறகு 64 சதவீதம் பேருக்கு நோய் முன்னேறவில்லை, ரேடியேஷன் மட்டும் எடுத்தவர்களில் 49 சதவீதம். அதற்கு நான் கொடுத்த விலை, திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துக் கொட்டுவது, மாடி ஏறினால் கால் துவண்டுபோவது. தினமும் நடந்தது மட்டும்தான் கொஞ்சம் உதவியது.

ஊசி நிறுத்தியதும் வந்த 0.1க்குக் கீழான ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். டாக்டர் மட்டும் பாராட்டவில்லை. டெஸ்டோஸ்டிரோன் அடங்கியிருக்கும்வரை பிஎஸ்ஏவும் அடங்கித்தான் இருக்கும், அது திரும்பி வந்த பிறகு வருகிற எண்தான் உண்மை என்றார். வயதானவர்களுக்கு அது திரும்ப ஊசிக்காலத்தைவிட அதிக நாள் பிடிக்கலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் பிஎஸ்ஏவோடு டெஸ்டோஸ்டிரோனும் எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். சமீபத்தில் டெஸ்டோஸ்டிரோன் பழைய அளவுக்கு வந்தது. பிஎஸ்ஏ இன்னமும் 0.1க்குக் கீழ். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கரண்ட் வைத்தவர்கள் கவனிக்க இன்னொன்று. வருஷங்கள் கழித்தும் மலத்தில் ரத்தம் வரலாம். எனக்கு லேசாக வந்தது, கொலனாஸ்கோபி எழுதினார்கள். ப்ராஸ்டேட்டுக்கு ரேடியேஷன் எடுத்தவன் என்பதை ஸ்கோப் போடுகிற டாக்டரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். மலக்குடலின் முன்சுவரில், கரண்ட் பட்ட இடத்தில், தேவையில்லாமல் சதை எடுத்தால் புண் ஆறாமல் ஓட்டை விழும் அபாயம் உண்டு. ரெஃபரல் சீட்டில் யாரும் அதை எழுதவில்லை. மேசையில் படுக்கும் முன் நானே சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நல்லவேளை சொன்னீங்க" என்று கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். ரேடியேஷன் தழும்புதான், சதை எடுக்கவில்லை.